கரிச்சான் அடித்த சீட்டி

லிடியாவுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாரம் முழுக்க ஊசியும் குப்பியுமாகப் போகும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கணவன் எட்வினின் பைக்கில் ஏறிக் கல்வராயன் மலைக்குப் போய்விடுவாள். போனில் பறவைச் செயலி ஒன்றைப் போட்டதிலிருந்து வந்த பழக்கம் அது. ஒரு குரலைக் கேட்கவிட்டால் அது எந்தப் பறவை என்று செயலி சொல்லும். இடத்தைக் குறித்துப் பகிர்ந்தால் எங்கெங்கோ இருப்பவர்கள் பார்த்துக் கருத்து எழுதுவார்கள்.

ஆடி மாதம் வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஓடையோரம் நின்றிருந்தபோது யாரோ சீட்டி அடித்தார்கள். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. நீளச் சீட்டி முடிகிற இடத்தில் மட்டும் காற்று ஒழுகியது. தொடர்ந்து ஒரு நாய் குரைத்தது.

"ஆளு வருது போல," என்று எட்வின் பைக்கை ஓரமாக நகர்த்தினான்.

யாரும் வரவில்லை. லிடியாவின் கையிலிருந்த போனில் ஒரு பெயர் வந்து நின்றது: துடுப்புவால் கரிச்சான்.

அண்ணாந்து பார்த்தார்கள். கரிய பறவை. வாலிலிருந்து இரண்டு கம்பிகள் தொங்க, அவற்றின் நுனியில் இலைபோல் இறகு. அது அலகைத் திறந்து சீட்டி அடித்தது. அதே அலகால் நாயாகவும் குரைத்தது.

திரும்பும் வழியில் வெள்ளிமலை டீக்கடையில் உட்கார்ந்து லிடியா அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டாள். உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள்.

"யாரு அடிச்சது? எங்க இருக்காரு?"

"குருவிக்கா. ஓடைக்கிட்ட கேட்டோம்."

"குருவியா? இன்னாம்மா சொல்ற? இது எங்க வூட்டுக்காரரு சீட்டி. முன்பல்லு பாதி கெடையாது அவருக்கு, கடைசில காத்து போவும். நாயி எங்க மணி."

அவள் பெயர் செல்லியம்மாள். கணவன் ராசு போன வருஷம் மாசி மாதம் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போனவன். நாயும் கூடப் போனது. இரண்டு நாள் தேடிவிட்டு, ஆந்திரா பக்கம் மரம் வெட்டப் போயிருப்பான் என்று ஊரார் விட்டுவிட்டார்கள். நாயை யாராவது ஆந்திராவுக்குக் கூட்டிப் போவார்களா என்று அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள்.

அன்றிரவே லிடியா பதிவைப் பகிர்ந்தாள். காலையில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: 'அருமையான பதிவு. இந்தப் பறவை மற்ற குரல்களைக் கற்றுக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும், தன் இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான்.' லிடியா அதை எட்வினிடம் படித்துக் காட்டினாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு மூவரும் ஓடைக்குப் போனார்கள். சீட்டி கேட்டதும் செல்லியம்மாள் மரத்தைப் பார்க்கவில்லை. காட்டுக்குள்ளே பார்த்தாள். தொலைவில் இன்னொரு கரிச்சான் அதே சீட்டியை அடித்தது. அதை நோக்கி நடந்தார்கள். அங்கே போனதும் அதற்கும் அப்பால் ஒன்று. போகப் போக மற்ற பறவைகளின் சத்தம் நின்றுவிட்டது. ஓரிடத்தில் காதுக்கு ஒன்றுமே எட்டவில்லை. ஆனால் லிடியாவின் போன் கரிச்சான் பெயரையே மறுபடி மறுபடி காட்டியது.

"திரும்பிடலாங்க," என்றாள் எட்வினிடம்.

"நீங்க போங்கம்மா," என்று செல்லியம்மாள் முன்னால் நடந்தாள். அவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

பாறைகள் குவிந்து கிடந்த சரிவில் சீட்டி தலைக்கு மேலேயே கேட்டது. இங்கே அது வேறு மாதிரி இருந்தது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி, நீளச் சீட்டி பாதியிலேயே அறுந்து போவது போல. குரைப்பும் முனகலாகத் தேய்ந்திருந்தது.

இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆளை விழுங்கும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் வாயில், கழுத்துப் பட்டையோடு ஒரு நாயின் எலும்புகள். எட்வின் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். நீலக் கைலி தெரிந்தது. கால் இருந்த இடத்தின் மேல் ஒரு கல் சாய்ந்திருந்தது. பக்கத்தில் கடுக்காய்ச் சாக்கு.

செல்லியம்மாள் அழவில்லை. நாயின் எலும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்துப் பட்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"ஏம்மா, ஒரு வாட்டி கேட்டா குருவிக்கு வந்துடுமா?"

லிடியா இல்லை என்று தலையை அசைத்தாள்.

"அப்போ எத்தினி நாளு அடிச்சிக்கினு இருந்தாரு?"

மேலே பறவை மறுபடி தொடங்கியது. எட்வின் ஒரு கல்லை எடுத்தான். செல்லியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் சார்."

போலீஸ் வந்து எடுத்துப் போனது. ராசுவை ஊர் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். நாயையும் அவனுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று செல்லியம்மாள் பிடிவாதம் பிடித்தாள். ஊரார் தடுக்கவில்லை. அவர்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. லிடியா அந்தப் பதிவைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டாள். அதன்பின் சில ஞாயிறுகள் அவர்கள் மலைக்குப் போகவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் வேலை நேரத்தில் செல்லியம்மாள் போன் செய்தாள்.

"அந்தக் குருவி இப்போ எங்க வூட்டாண்ட வந்துடுச்சிம்மா. வேலி மரத்துல குந்திக்கினு காலைல, சாயங்காலம், தெனம் அடிக்குது. தொரத்திடுன்றாங்க அக்கம்பக்கம்."

"நீங்க இன்னாக்கா பண்றீங்க?"

"அவரு கூப்புட்ட மாதிரியே கீதே. பதிலு குடுக்காம எப்டிம்மா இருக்கறது? ஊய்னு நானும் ஒரு கொரல் குடுப்பேன். அப்பறந்தான் அடங்கும்."

லிடியா கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தாள். போனில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு சீட்டி கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. நாய் குரைத்தது. அதன்பின் ஒரு பெண் குரல், தெளிவாக, "ஊய்" என்றது.

"சரிக்கா, கேக்குது," என்றாள் லிடியா. "நீங்க பதில் குடுத்தது கூடக் கேட்டுச்சி."



"நானு இன்னும் குடுக்கலம்மா," என்றாள் செல்லியம்மாள்.