ஐந்தருவிக்கு வந்த மச்சான்

ஆறுமுகநயினார் தன் சர்வீசில் யாரிடமும் வாய் திறந்து பணம் கேட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர், சான்றிதழ் பிரிவு. வருகிறவர்களிடம் "சர்வர் மெதுவா இருக்கு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். மலைமேல் மேகம் இறங்குவதும், வந்தவரின் கை சட்டைப்பைக்குள் இறங்குவதும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். நயினாரின் இடது கை மேசைக்குக் கீழே போய் வாங்கி, மடித்து, வேட்டி மடியில் செருகிவிட்டுத் திரும்பி வரும். முகம் அப்போதும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கை செய்கிற காரியம் முகத்துக்குத் தெரியாது என்பதுபோல இருவரும் தனித்தனியாக வாழ்ந்துவந்தார்கள்.

இப்படிப்பட்டவரை லஞ்ச ஒழிப்புப் போலீஸ் சாட்சியாகக் கூப்பிட்டது.

பொறி வைத்துப் பிடிக்கும்போது அரசு ஊழியர் இருவர் கூட இருக்க வேண்டும் என்பது வழக்கம். அரசு ஊழியர் பொய் சொல்ல மாட்டார் என்று யாரோ ஒரு காலத்தில் நம்பியிருக்கிறார்கள். கடிதம் வந்ததும் பக்கத்து மேசை மைதீன் சிரித்தார்.

"நல்லாத்தான் ஆளப் புடிச்சிருக்காங்க அண்ணாச்சி. இந்த ஆபீஸ்லயே கை சுத்தமான ஆளு நீருதான்னு மேலதிகாரியே சொல்லிட்டாராம்."

"கேலி பண்ணாதீரும் வே. இதுல எப்படித் தப்பிக்கன்னு சொல்லும்."

"போக மாட்டேன்னு எழுதிக் குடுத்திரும்."

அதுதான் முடியாது. கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல் மேலே போயிருந்தது. அதில் நயினார் பெயர் இருந்தது. சாட்சிக்குப் போக மறுத்தால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் கேட்டால் பட்டியலிலிருந்து பெயர் போகும். தனி அறை, சுழலும் நாற்காலி, அதன் முதுகில் போட ஒரு பூத்துண்டு என்று மனைவி சண்முகசுந்தரி துண்டுகூட வாங்கி வைத்துவிட்டாள். நயினார் போனார்.

இன்ஸ்பெக்டர் முத்துச்செல்வி மரியாதையாகத்தான் பேசினார். புகார் கொடுத்த இசக்கிதுரையை அறிமுகப்படுத்தினார். பாவூர்சத்திரம் பக்கம் கத்தரி போடுகிற விவசாயி. பக்கத்து வயல்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான். அளந்து கல் நட வேண்டும். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியாகிவிட்டது. சர்வேயர் சுந்தரபாண்டியனுக்குக் கட்டவில்லை.

"ஆபீஸ்ல வச்சு ஒரு வார்த்த பேச மாட்டாரு மேடம்," என்றான் இசக்கிதுரை. "சீசன் முடியுத வரைக்கும் காலையில ஐந்தருவியிலதான் ஆளப் பாப்பாரு. நம்மளையும் சட்டையக் கழட்டிட்டுக் குளிக்க வான்னு சொல்லுவாரு. துண்டோட நிக்கவன் மைக்க எங்கன ஒளிச்சு வைப்பான்?"

இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தார். நயினாருக்கோ உள்ளுக்குள் ஒரு மரியாதை பிறந்தது. நமக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

ரூபாய் நோட்டுகளில் வெள்ளைப் பொடியைத் தடவினார்கள். ஒரு போலீஸ்காரர் நோட்டைத் தொட்டுவிட்டு, கண்ணாடி டம்ளரில் இருந்த சோடா உப்புத் தண்ணீரில் விரலை முக்கினார். தண்ணீர் ரோஸ்மில்க் போலாகிவிட்டது. நயினார் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க இவருக்கு மச்சான் மாதிரி கூடப் போகணும் சார்," என்றார் முத்துச்செல்வி. "நடக்கதப் பாக்கணும், பேசுததக் கேக்கணும். அவ்வளவுதான். பணத்த மட்டும் தொட்டுராதீங்க. கேஸே போயிரும். போச்சுன்னா நீங்க அவருக்கு ஒத்தாச பண்ணினீங்களான்னு உங்களத்தான் முதல்ல விசாரிப்போம்."

"நான் ஏம்மா தொடப்போறேன்," என்றார் நயினார்.

அடுத்தது சைகை. பணம் கைமாறியதும் இசக்கிதுரை துண்டால் தலையைத் துவட்ட வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொந்த ஊர் தூத்துக்குடி.

"ஐந்தருவியில எல்லாவனும் தலையத்தான் மேடம் துவட்டுவான்," என்றான் இசக்கிதுரை.

குடை விரிக்கலாம் என்றார்கள். சாரலில் எல்லோரும் குடை விரிப்பார்கள். சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றார்கள். அருவிச் சத்தத்தில் கூப்பிட்டவனுக்கே கேட்காது. கடைசியில் அவன் தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அருவிக்கரையில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். ஈரத் தரையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

மறுநாள் காலை நல்ல சாரல். போலீஸ்காரர்கள் நான்கு பேர் இடுப்பில் துண்டும் ஒட்ட வெட்டிய தலையுமாக, யாரையும் பார்க்காததுபோல நின்றார்கள். குளிக்க வந்த ஒரு குடும்பம் அவர்களிடம் போய் "சார், பெண்கள் பக்கம் எது?" என்று வழி கேட்டது. இன்ஸ்பெக்டரும் இன்னொரு அரசு ஊழியச் சாட்சியும் வாழைக்காய் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் ஒரு குடைக்குள் இருந்தார்கள்.

சுந்தரபாண்டியன் ஒரு கல்லில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அருவியில் எண்ணெய், சோப்புக்குத் தடை என்று அவர் தலைக்கு மேலேயே போர்டு இருந்தது. பக்கத்தில் ஒரு பச்சைச் சோப்பு டப்பா. அதில் சோப்பு இல்லை. அந்த வகையில் அவர் சட்டத்தை மதித்தார்.

"என்ன வே இசக்கிதுரை, சட்டையோட நிக்கீரு? இது யாரு?"

"எங்க அக்கா மாப்ள சார். கடயத்துல இருக்காரு. குளிக்கணும்னாரு, கூட்டியாந்தேன்."

"அப்போ சட்டையக் கழட்டச் சொல்லும். மச்சான் என்ன மாப்ள பாக்கவா வந்திருக்காரு?"

இசக்கிதுரையோடு நயினாரும் சட்டையைக் கழற்றினார். வேட்டியோடு நின்றார். சாரல் வயிற்றில் குத்தியது.

"கொண்டாந்தீரா?" என்றார் சர்வேயர்.

"கொண்டாந்திருக்கேன் சார். எப்ப அளக்க வருவீய?"

"மொதல்ல அத எடும். பெறவு நிலம் எங்கன போயிரப் போகுது?"

இசக்கிதுரை கவரிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினான். சர்வேயர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். எண்ணெய் மின்னியது.

"எண்ணெக் கை. மச்சான்ட்ட குடும். நான் குளிச்சிட்டு வந்து வாங்கிக்கிடுதேன்."

இசக்கிதுரை திகைத்துப்போய் நயினார் பக்கம் திரும்பினான். கை நீட்டியபடியே திரும்பிவிட்டது. நயினாருக்கு முன்னால் நோட்டுகள் நின்றன. அவர் தொடக் கூடாது என்றுதான் நினைத்தார். நினைத்துக்கொண்டே எதிரே இருந்த மலையைப் பார்த்தார். அதுதான் தவறு. இடது கை போயிற்று, வாங்கிற்று, ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு, மடியில் செருகிவிட்டுத் தொடையோரம் வந்து நின்றுகொண்டது.

"பழகின ஆளுதான்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு சர்வேயர் அருவிக்குள் நுழைந்தார்.

இசக்கிதுரை உட்காரப் போனவன் பாதியிலேயே நின்றான். முழங்கால் மடங்கி நிற்கிறான். உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. பஜ்ஜிக் கடைப்பக்கம் குடை ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

"என்ன சார் இப்பிடிப் பண்ணிட்டீய!"

"நான் எங்கடே பண்ணினேன்! கை..."

"அது உங்க கைதான சார்?"

நயினார் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மடியில் பொடி சூடாக இருப்பதுபோல் பட்டது. பணம் சர்வேயர் கைக்குப் போகாவிட்டால், இன்று ரோஸ்மில்க் ஆகப்போவது இவர் கை மட்டும்தான். சுழலும் நாற்காலி பூத்துண்டோடு சுழன்று அருவியில் போவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சர்வேயர் நிதானமாகக் குளித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வே, நீரு போயி பஜ்ஜி வாங்கிட்டு வாரும்," என்று இசக்கிதுரையை அனுப்பினார். இரண்டு பேர் நிற்கும்போது வாங்குவது அவர் வழக்கமில்லை. இதுவும் நயினாருக்குப் புரிந்தது, அவரும் அப்படித்தான்.

"ம், எடும்," என்றார் சர்வேயர்.

நயினார் எடுத்து நீட்டினார். ஆபீசில் கோப்பைத் திருப்பிக் கொடுப்பாரே, அதே மாதிரி: ஒற்றைக் கையால், முகத்தைப் பாராமல், சீக்கிரம் பிடி என்பதுபோல.

சர்வேயரின் முகம் மாறியது. "என்ன வே இது? பிச்ச போடுத மாரி நீட்டுதீரு? நான் உம்மகிட்ட கையேந்தி நிக்கேனா?"

"இல்ல, நீங்கதான..."

"ஒண்ணும் வேண்டாம். மழைக்காலத்துல வயல்ல அளவுச் சங்கிலி போட முடியாது. தை மாசம் வந்து பாக்கச் சொல்லும் ஒம்ம மச்சான." அவர் சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நயினார் நோட்டுகளோடு இரண்டு எட்டு பின்னாலேயே போனார். வாங்கத் தெரிந்த அளவுக்குக் கொடுக்கத் தெரியவில்லை என்பது அந்த வயதில், அந்த இடத்தில், வேட்டியோடு நிற்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எப்படித்தான் கொடுக்கிறார்கள்? தன்னிடம் வந்தவர்களை நினைத்துப் பார்த்தார். முகங்கள் வரவில்லை, அவர் முகங்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு குரல் வந்தது. சந்தனமாரி. கணவன் செத்து, விதவைச் சான்றிதழுக்கு வந்த பெண். அவள் சொன்னதெல்லாம் தன் காதில் விழுந்திருந்தது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிய வந்தது.

"அய்யா, கோவிச்சுக்கிடாதீய," என்றார் நயினார். குரல் தானாக இறங்கியது. முதுகு வளைந்தது. இரண்டு கையும் சேர்ந்தன. "எங்களுக்கு முறை தெரியல. நீங்க பாத்து ஏதாவது செஞ்சாத்தான் உண்டு. இன்னும் எத்தன தடவதான் பஸ்ஸுக்குக் குடுத்து அலைய முடியும்? ஏதோ எங்களால ஆனது. கொறச்சலா நெனைக்காதீய அய்யா."

இப்படிச் சொல்லி முடித்ததும் சந்தனமாரி ஒரு மாதிரி சிரித்திருந்தாள்; அழுகை மாதிரி இருக்கும். நயினார் அந்தச் சிரிப்பையும் சிரித்தார். தாடை வலித்தது. இந்தச் சிரிப்பைச் சிரிக்கவைத்தவனை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. எதிரே நின்றவனைத்தான் நினைத்தார். வேறு யாரையும் நினைக்க நேரம் இல்லை.

சுந்தரபாண்டியன் குளிர்ந்துவிட்டார். "அப்பிடிச் சொல்லும்," என்று வாங்கி, விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்து, சோப்பு டப்பாவில் வைத்து மூடினார்.

பஜ்ஜிக் கடை முன்னால் இசக்கிதுரை தொப்பென்று குத்தவைத்தான். "என்ன அண்ணாச்சி, வயிறு சரியில்லையா?" என்று கடைக்காரர் ஓடிவந்தார். நான்கு துண்டுகள் ஓடிவந்தன. அதில் ஒன்று பாசியில் வழுக்கி, அரசுத் தரப்பு சற்று நேரம் தரையில் கிடந்தது. குடைக்காரம்மா மட்டும் நேராக வந்து சர்வேயரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

தங்கும் விடுதி ஒன்றின் அறையில் டம்ளர்கள் வரிசையாக நின்றன. சர்வேயர் விரலை முக்கினார், சிவந்தது. சோப்பு டப்பாவைக் கழுவிய தண்ணீரும் சிவந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் நயினாரைப் பார்த்தார். நயினார் விரலை முக்கினார். மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகச் சிவந்தது.

"எதிரியான சர்வேயர் சொன்னதின் பேரில் சாட்சி பணத்தைப் பெற்று வைத்திருந்தார்," என்று எழுதவைத்தார் முத்துச்செல்வி. "சரிதான சார்?"

"சரிதான் மேடம்."

சர்வேயர் அழுதுகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "மேடம், நான் புது ஆளக் கண்டா வாங்கவே மாட்டேன். இவரு பாக்காமலே வாங்கி, பாக்காமலே மடிச்சு, பாக்காமலே மடியில சொருகுனாரு. நம்ம ஆளுன்னு நம்பித்தான் கெட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார். "இதையும் எழுதணுமா மேடம்?" என்று கேட்டார்.

"அது வேண்டாம்," என்றார் முத்துச்செல்வி. நயினாரை மெதுவாக ஒருமுறை பார்த்தார். "சார், நீங்க எந்த செக்‌ஷன்னு சொன்னீங்க?"

பதவி உயர்வு வந்தது. பத்திரிகையில் பெயர் வராவிட்டாலும், சர்வேயரைப் பிடித்துக் கொடுத்தது நயினார்தான் என்று தென்காசி முழுக்கத் தெரிந்துபோயிற்று. தனி அறை, சுழலும் நாற்காலி, பூத்துண்டு எல்லாம் கிடைத்தன. ஆனால் அந்த அறைக்குள் வருகிறவர்கள் இரண்டு கைகளையும் வெளியே காட்டிக்கொண்டு வந்தார்கள். நயினார் "சர்வர் மெதுவா இருக்கு" என்றால் "இருக்கட்டும் சார், காத்திருக்கோம்" என்று பயந்துபோய் உட்கார்ந்தார்கள். ஆலங்குளத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மாம்பழம் கொண்டுவந்து, ஆளைப் பார்த்ததும் பையோடு திரும்பி ஓடினார். மைதீன் டீ சொல்வதை நிறுத்திவிட்டார். நயினார் வந்தால் வராண்டாவில் பேச்சு நின்றது. தென்காசியிலேயே நேர்மையான அதிகாரி என்ற பெயர், அவர் என்ன செய்தும் போகவில்லை.

ஒருநாள் போன் வந்தது. முத்துச்செல்விதான்.

"சார், புதுசா வந்திருக்க போலீஸ்காரங்களுக்குத் திருநெல்வேலியில பயிற்சி வகுப்பு. பணத்த ஒரு அதிகாரி எப்படி வாங்குவாருன்னு நடிச்சுக் காட்ட ஒருத்தர் வேணும். உங்க பேரத்தான் குடுத்திருக்கேன்."

"எனக்கு எப்படி மேடம் அதெல்லாம் தெரியும்?"

முத்துச்செல்வி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஒத்திகையெல்லாம் வேண்டாம் சார். சும்மா வந்து நின்னாப் போதும். மாசம் ஒரு தடவ இருக்கும்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

"வாரேன் மேடம்," என்றார் நயினார்.

"சந்தோஷம் சார். பயணப்படி உண்டு," என்றார் முத்துச்செல்வி. "கையில குடுக்க மாட்டோம். பேங்க்ல போட்டுருவோம்."