நிலவகை: தரிசு

ஒரு சதுரத்தின் நான்காவது மூலை இரும்பு முளையைத் தேடிக்கொண்டிருந்தாள் தேவிப்ரியா. மூன்று கிடைத்துவிட்டன. அதில் ஒன்று பொக்லைன் அள்ளிப் போட்ட மண்மேட்டில் தலைகீழாகக் குத்திட்டிருந்தது. நார்த்தாமலைக்குக் கிழக்கே இந்தப் புல்வெளியில் மீட்டருக்கு மீட்டர் சதுரமாக அறுபது இடங்களில் முளையடித்து, எந்தப் புல் எத்தனை, மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று ஆறு வருடமாக எழுதி வருகிறாள். நேற்று ஒரே நாளில் இருபத்திரண்டு சதுரங்கள் மரக்குழிகளாகிவிட்டன. மீதி முப்பத்தெட்டும் இன்றைக்குள் போய்விடும். இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது.

"யாரைக் கேட்டுத் தோண்டுனீங்க?"

மரநடவுத் திட்டத்தின் மேற்பார்வைக்கு வந்திருந்த அருள்தாஸ் தொப்பியைக் கழற்றினான். "மரந்தான் மேடம் நடுறோம். கஞ்சாவா நடுறோம்?"

டிரைவர் சிரித்தான். தேவிப்ரியாவுக்குக் காதுமடல் வரை சுட்டது. கொழுக்கட்டைப் புல்லுக்கு முக்கால் உடம்பு மண்ணுக்குள்தான். வருடந்தோறும் பழைய வேர்கள் மக்குகின்றன. அவை இருந்த இடம் நூல் பருமனில் குழாயாக நிற்கிறது. மழை அந்தக் குழாய்கள் வழியாகத்தான் கீழே போகிறது. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பாள்! மரம் இல்லாத இடமெல்லாம் காலி இடம் என்று நினைப்பவர்களிடம் எதைச் சொல்வது?

"புல்வெளின்னு இருந்தா நாங்க ஏன் தொடப்போறோம்? தரிசுன்னுல்ல போட்டுருக்கு." அருள்தாஸ் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். "பாருங்க. ஒங்க கையெழுத்துத்தான?"

அவளுடையதேதான். ஆய்வுக்கு அனுமதி கேட்டு ஆறு வருடத்துக்கு முன் கொடுத்த படிவத்தின் நகல். நிலவகை என்ற இடத்தில் மூன்றே கட்டங்கள்: நஞ்சை, புஞ்சை, தரிசு. மேய்ச்சல் தரைக்குக் கட்டம் இல்லையே என்று அன்று கேட்டாள். "ஏதாச்சும் ஒண்ணுல டிக் போடுங்க மேடம், டீ ஆறுது" என்றார் அலுவலக உதவியாளர். போட்டாள். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் மறந்தும் போனாள்.

ஆடுகளோடு வந்து நின்ற மருதாயி எட்டிப் பார்த்தாள். "என்னாத்தா எழுதிருக்கு?"

"தரிசுன்னு, அக்கா."

"தரிசா? அப்ப நாலு தலமொறையா எங்க ஆடு மண்ணையா தின்னுச்சு? எந்தக் கட்டையில போறவன் எழுதுனான்?"

"நான்தான் எழுதுனேன்."

மருதாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அது அறைந்தமாதிரி இருந்தது.

தேவிப்ரியா காரிலிருந்து இரண்டு இரும்பு வளையங்களையும் சுத்தியலையும் தண்ணீர்க் கேனையும் கொண்டுவந்தாள். ஒன்றை இயந்திரத்தின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், புல்லுக்குள் அடித்து இறக்கினாள். அவ்வளவு ஓங்கி அடிக்கத் தேவையே இல்லை. மற்றதை நேற்று சக்கரம் ஏறி இறுகிய தடத்தில் அடித்தாள். இரண்டிலும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

"பாருங்க. பாத்துட்டு ஓட்டுங்க."

நாலு நிமிடத்தில் புல்லுக்குள் ஊற்றிய தண்ணீர் சுவடில்லாமல் போனது. தடத்தில் ஊற்றியது அப்படியே நின்றது. அருள்தாஸின் போன் அடித்தது. "ஸ்டார்ட் பண்ணியாச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே அங்கிட்டு நகர்ந்தான். டிரைவர் கியரில் கைவைத்தபடி இவளையே பார்த்தான். அவள் முதல் வளையத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள், எழவில்லை.

ஒன்பதாவது நிமிடம். தடத்து வளையத்தில் தண்ணீர் இயந்திரத்தின் உறுமலுக்கு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. மருதாயியின் வெள்ளாடு ஒன்று வந்து, கழுத்தை நீட்டி, அதை உறிஞ்சிக் குடிக்கத் தொடங்கியது.