கல்லுக்கு அந்தப் பக்கம்

மொக்கம்மாள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். செவலை நகரவில்லை. எல்லைக் கருப்பசாமி கல்லுக்கு அந்தப் பக்கம் நாலு காலையும் ஊன்றி நின்றது. அதன் முதுகில் பொதிக்குப் பதிலாக அவள் புருஷன் ஒச்சாண்டி குப்புறக் கிடந்தான். விழுந்துவிடாமல் இடுப்பையும் தொடையையும் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். விடியலில் சாணி பொறுக்கக் கூடையோடு வந்தவள், அவன் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. கையைப் பிடித்தாள். விறைத்திருந்தது.

மலைமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போகிற பொதிமாட்டுக்காரன் ஒச்சாண்டி. இந்த நடையில் மலைக்காய்ச்சல் பிடித்திருக்க வேண்டும். கூடப் போனவர்கள், செவலை வீடு சேர்த்துவிடும் என்று மாட்டோடு கட்டி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. செவலையின் பேர் அப்படி. போடிச் சந்தையில் விற்ற பிறகும் கயிற்றை அறுத்துக்கொண்டு திரும்பி வந்த மாடு. அன்றைக்கும் இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் வந்து நின்றது. ஒச்சாண்டி ஓடிவந்து, கல்லுக்கு வெளியே செருப்பைப் போட்டுக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "போவோம்யா" என்ற பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தது. சாமி எல்லைக்குள் செருப்புக்காலோடு நுழையாதவன் அவன். அவன் கழற்றும்வரை நிற்பதற்கு மாட்டையும் பழக்கியிருந்தான். "மனுசனுக்குத் தெரியாத மருவாதி எம் மாட்டுக்குத் தெரியும்" என்று சாவடியில் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுக்காது.

மாட்டின் பின்னால் ஒரே இடத்தில் சாணி குவிந்து கிடந்தது. மேலே கிடந்ததில் ஆவி பறந்தது. அடியில் கிடந்தது காய்ந்து ஆடை கட்டியிருந்தது. இருட்டின கையோடு வந்துவிட்டிருக்கிறது. அவன் இறங்கிச் செருப்பைக் கழற்றட்டும் என்று ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. படுக்கையில் கிடந்தபோது மணிச்சத்தம் கேட்டதும், கம்பம் போகிற வண்டி என்று தான் புரண்டு படுத்ததும் அவளுக்கு நினைவு வந்தது. கல்லிலிருந்து பார்த்தால் அவள் வீட்டுக் கூரை தெரியும்.

"மூதேவி, இன்னும் நாலு எட்டு வைக்கக் கூடாதா?"

மாட்டின் முகத்தில் அறைந்தாள். அது கண்ணை மூடித் திறந்தது.

எல்லைக்கு வெளியே உயிர் போனவனை ஊருக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். போன வருஷம் மலையில் செத்த நல்லகண்ணுவை இந்தப் புளியமரத்தடியில் போட்டு, ஓடைத் தண்ணீரை ஊற்றி, அப்படியே சுடுகாட்டுக்குத் தூக்கினார்கள். அதுவரை அவன் தாய் கல் பொறுக்கி நாய்களை விரட்டிக்கொண்டிருந்தாள். ஒச்சாண்டி அப்படிக் கிடக்கக் கூடாது. அவன் தன் வீட்டில்தான் கிடக்க வேண்டும்.

மொக்கம்மாள் சாணியைத் தடம் தெரியாமல் வழித்து அள்ளினாள். ஈர மண்ணைக் காலால் கீறிவிட்டாள். பிறகு புருஷனின் செருப்பைக் கழற்றினாள். பாதம் வீங்கியிருந்ததால் அது லேசில் வரவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, "போவோம்யா" என்றாள்.

செவலை நடந்தது.

வாசலில் ஊர் கூடிவிட்டது. ஒச்சாண்டியின் சித்தப்பா சின்னச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முறை பிசகுவதைப் பொறுக்காதவர். நல்லகண்ணுவை வெளியே போடச் சொன்னதும் அவர்தான்.

"எல்லை தாண்டும்போது உசுரு இருந்துச்சா ஆத்தா?"

"இருந்துச்சு மாமா."

"பேசுனானா?"

"தண்ணி கேட்டாக. கொண்டாரதுக்குள்ள..."

அவர் ஒச்சாண்டியின் கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. அவள் இடுப்பிலிருந்த கூடையைப் பார்த்தார். புதுச் சாணியும் காய்ந்த சாணியும் விளிம்புவரை நிறைந்திருந்தன. அவளுடைய மறு கையில் செருப்புகள் இருந்தன.

"வெறச்சுல்ல போயிருக்கு," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"மலைக் குளுருடா. காச்சக்காரனுக்கு அப்படித்தான் இருக்கும்," என்றார் சின்னச்சாமி, திரும்பிப் பார்க்காமல். பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நின்னுக்கிட்டு இருக்காதத்தா. நடுவீட்ட மெழுகு. கெடத்தணும்."

அவள் உள்ளே போனாள். கூடைச் சாணியைத் தரையில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டாள். வெளியே ஆண்கள் முடிச்சுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். ஒச்சாண்டி கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு மெழுகத் தொடங்கினாள். காய்ந்த கட்டிகள் சீக்கிரம் கரையவில்லை. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.