சனாவுல்லா லாட்ஜின் பேமிலி சூட்

அறுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் திண்டுக்கல்லில் தென்னை விவசாயிகள் மாநாடு மூன்று நாள் நடந்தது. பாலசமுத்திரத்திலிருந்து பெருமாள்சாமி அதற்கு வந்திருந்தார். இரண்டாம் நாள் காலையில் காண்டாமிருக வண்டைப் பற்றி மேடையில் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருந்தார்கள். வண்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் மனைவி கண்ணம்மாள் சொல்லித் தெரிந்ததுதான். அதனால் அவளையும் கூட்டி வந்திருந்தார்.

மற்ற பிரதிநிதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். மனைவியோடு வந்தவர் இவர் ஒருவர்தான். வரவேற்புக் கமிட்டிச் செயலாளர் முத்துச்சாமி, சாணார்பட்டிக்காரர், கொஞ்சம் யோசித்தார்.

"மைதானத்துக்கு எதுத்தாப்புல புதுசா ஒரு லாட்ஜ் தொறந்திருக்காக. குடும்பத்துக்குன்னே தனியா எடம் இருக்காம். அங்கன போய் இருங்க. நல்லா இருந்துச்சுன்னா அடுத்த மாநாட்டுக்கு வர்ற பெரிய மனுசங்களை அங்கனயே எறக்கிருவோம்" என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

லாட்ஜைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மைதானத்தில் ஒரு பக்கம் மாநாட்டுப் பந்தல், இன்னொரு பக்கம் பொருட்காட்சி. பொருட்காட்சியின் ராட்சத ராட்டினம் தெருவோரத்திலேயே நின்றது. அதற்கு நேர் எதிரே இரண்டு மாடிக் கட்டிடம். 'சனாவுல்லா லாட்ஜ். பேமிலி சூட் உண்டு' என்று பலகை.

"கோட்டு சூட்டுத் தைக்கிற கடையாட்ட இருக்குதுங்க" என்றாள் கண்ணம்மாள்.

முதலாளி சனாவுல்லாவே வாசலுக்கு ஓடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. பேகம்பூர்க்காரர். இருபது வருஷம் தோல் வியாபாரம் செய்தவர். தோல் மண்டி இருந்த அதே கட்டிடத்தைத்தான் வெள்ளையடித்து லாட்ஜ் ஆக்கியிருந்தார்.

"வாங்கண்ணே, வாங்க தங்கச்சி. சூட்டுன்னா ரெண்டு ரூம்பு. ஒண்ணுல உக்காரலாம், ஒண்ணுல படுக்கலாம். மெட்ராஸ்ல பார்த்துட்டு வந்து கட்டுனேன்."

இரண்டாம் மாடியில் அவர் கதவைத் திறந்தபோது சாம்பிராணிப் புகை முதலில் வெளியே வந்தது. உட்காரும் அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. படுக்கும் அறைதான் அசத்தியது. ஈட்டி மரக் கட்டில், தலைமாட்டில் திராட்சைக் கொடி செதுக்கியது. ஆளுயரக் கண்ணாடி. ஜன்னலில் ஜரிகைக் கரை வைத்த நீலத் திரை.

"கட்டில் நல்லா இருக்குதுங்களே" என்று பெருமாள்சாமி அதைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம சூட்டுக்குன்னே சொல்லிச் செஞ்சது" என்றார் சனாவுல்லா. பிறகு திரையை விலக்கினார். "இதைப் பாருங்க. பொருட்காட்சி பூரா இங்கன இருந்தே தெரியும். டிக்கெட்டே வேணாம்."

டிக்கெட் வாங்கியவர்களுக்கும் சூட் பூராவும் தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை. அது அன்று சாயங்காலம் தெரிந்தது.

பெருமாள்சாமி பனியனோடு கண்ணாடி முன் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தென்னையின் முதல் எதிரி காண்டாமிருக வண்டு. குருத்தைத் துளைத்து உள்ளே போகும் இந்த வண்டை..." என்று கையை ஓங்கியதும் வெளியே கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தார். ராட்டினத் தொட்டில் ஒன்று ஜன்னல் உயரத்துக்கு வந்து, நான்கு பேரைக் காட்டிவிட்டு மேலே போனது.

கண்ணம்மாள் திரையை இழுத்தாள். அது ஜன்னலில் பாதிக்குத்தான் வந்தது. இடது பக்கம் மூடினால் வலது பக்கம் திறந்தது.

அடுத்த சுற்றில் அதே தொட்டில் வந்தது. முண்டாசு கட்டிய ஒருவர் கத்தினார்: "அண்ணே, வண்டை என்ன செய்யணும்னு சொல்லாம விட்டுட்டீகளே!"

"கம்பிக் கொக்கியால குத்தி எடுக்கோணுமுங்க!" என்று பெருமாள்சாமியும் பதிலுக்குக் கத்தினார்.

மூன்றாம் சுற்றில், "கொக்கி எங்க கெடைக்கும்?" என்று கேள்வி வந்தது. பதில் சொல்வதற்குள் தொட்டில் போய்விட்டது. அந்த மனிதர் அதற்காகவே இன்னொரு டிக்கெட் வாங்கி ஏறினார். பெருமாள்சாமிக்கு உள்ளூரப் பெருமைதான். கண்ணம்மாள் உட்காரும் அறைக்குப் போய், இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அவர் நின்றே காபி குடிக்க வேண்டியிருந்தது. அதுவும் ஆறிப்போன காபி. அறைகளைக் கவனித்துக்கொள்ளும் தங்கமுத்து, ஐம்பது வயது மனிதர், பொருட்காட்சி வழியாகத்தான் காபி வாங்கி வருவார். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன் இறங்குகிற வரை நின்று பார்க்காமல் அவரால் நகர முடிவதில்லை.

மறுநாள் காலையில் பேச்சு நன்றாகவே அமைந்தது. கொக்கி கிடைக்கும் இடத்தையும் மறக்காமல் சொன்னார். மத்தியானம் அறைக்குத் திரும்பியபோது சனாவுல்லா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தார். அட்டையில் 'அபிப்பிராயப் புத்தகம்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு வரி கூட இல்லை.

"சூட்டுல தங்குன மொத ஆளு நீங்கதேன். ரெண்டு வரி நல்லதா எழுதிக் குடுங்கண்ணே. சாயங்காலம் முத்துச்சாமி அண்ணன் வந்து பார்க்குறேன்னு சொல்லியிருக்காரு."

பெருமாள்சாமிக்கு யாரையும் எதையும் குறை சொல்ல வராது. பேனாவை வாங்கி, 'எல்லாம் மிகவும்' என்று எழுதினார். கண்ணம்மாள் புத்தகத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"படுத்தது நானுந்தானுங்களே? நான் எழுதறேன்."

எட்டாவது வரை படித்தவள் அவள். ஊரில் மனு எழுத வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். சனாவுல்லா அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லதாத்தானே தங்கச்சி?"

"உள்ளதைங்க" என்றாள் அவள்.

அவர் படியிறங்கும்போது இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார்.

பொருட்காட்சியில் மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் கண்ணம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலருகே நின்று முடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ராட்டினம் ஒரு குலுக்கலோடு நின்றது. கீழே எஞ்சின்காரர் பெல்ட் கழன்றுவிட்டதாக யாரையோ சத்தம் போட்டார்.

ஒரு தொட்டில் சரியாக ஜன்னலுக்கு எதிரே, ஒரு தெரு அகலத்தில், ஆடிக்கொண்டு நின்றது. அதில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய இரண்டு பெண்கள். ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கண்ணை அகலத் திறந்து இந்தப் பக்கமே பார்த்தாள்.

"பயப்படாதீங்கக்கா, இப்பச் சரி பண்ணிருவாங்க" என்றாள் கண்ணம்மாள்.

"பயமெல்லாம் இல்லம்மா. ஒங்களுக்குப் பின்னால ஒரு கட்டில் கெடக்கே, அது யாருது?"

"லாட்ஜுக்காரருதுங்க."

"தலமாட்டுல திராட்சக்கொடி இருக்கா?"

"இருக்குதுங்க."

"எடது பக்க ஓரத்துல ஒரு பழம் ஒடஞ்சிருக்கான்னு செத்த பார்த்துச் சொல்லுங்க."

கண்ணம்மாள் போய்க் குனிந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எம்மகன் ரெண்டு வயசுல பூட்டால அடிச்சு ஒடச்சது. அது எங்க அத்தா எனக்குச் சீராக் குடுத்த கட்டில்ம்மா. கால் ஆடுது, தச்சர் வீட்ல கெடக்குன்னு சொன்னாக. நாலு மாசமா நான் தரையில படுத்துக் கெடக்கேன்."

அவள் பெயர் சர்புன்னிசா. சனாவுல்லாவின் மனைவி என்று அப்போதுதான் கண்ணம்மாளுக்குப் புரிந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கையில் பிடித்திருந்த திரையை அவளை அறியாமல் ஆட்டிக் காட்டினாள். "அப்ப இதுங்க?"

"யா அல்லா! எங்கல்யாணத்துக்கு மறுநா கட்டுன சேல!"

பக்கத்தில் கண்ணை மூடியிருந்தவள், அடுத்த வீட்டு ஜெய்தூன் பீவி, ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "சர்பு, அங்க எங்க வீட்டு நாக்காலி இருக்கான்னு கேளு. ஏதோ விசேசம்னு ஒங்க வீட்டுக்காரரு வாங்கிட்டுப் போனாரு."

கண்ணம்மாள் உட்காரும் அறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கி வந்து ஜன்னலில் காட்டினாள்.

"அதேதேன்!" என்று ஜெய்தூன் பீவி இரண்டு கண்ணையும் திறந்து எழுந்திருக்கப் பார்த்தாள். தொட்டில் ஆடியதும் மறுபடி உட்கார்ந்து ஓத ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு கண்ணம்மாள் ஆளுயரக் கண்ணாடியைக் கையால் சுட்டிவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். கூஜா. வெற்றிலைப் பெட்டி. பூப்போட்ட தட்டு. சர்புன்னிசா ஒவ்வொன்றுக்கும் "என்னுது", "என்னுது" என்றாள். கீழே பெண்கள் கூட்டம் கூடி அண்ணாந்து பார்த்தது. ஏலம் நடக்கிறதென்று சிலர் நினைத்தார்கள். குடத்தைக் காட்டும்போது ராட்டினம் கிளம்பிவிட்டது. சர்புன்னிசா மேலே போய்க்கொண்டே கத்தினாள்: "இந்தா வாரேன், கதவைத் தொறந்து வைங்க!"

கீழே உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்த சனாவுல்லா, துப்பட்டியோடு மனைவி படியேறி வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

"நீ எப்படி இங்க வந்த?"

"ராட்டினத்துல வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் நேராக மாடிக்குப் போனாள். பின்னால் ஜெய்தூன் பீவி. அதற்கும் பின்னால் அவர்.

சர்புன்னிசா கட்டிலில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். மெத்தையைப் பிதுக்கிப் பார்த்தாள். "வைக்கோலா? இதுல இலவம்பஞ்சு மெத்த இருந்துச்சே, அது எங்க?"

"கீழ இருக்கு. மத்தியானம் செத்த நேரம் கண்ணசர..." என்று சனாவுல்லா இழுத்தார்.

"பொண்டாட்டி தரையில. விருந்தாளி வைக்கோல்ல. நீங்க பஞ்சு மெத்தையில."

பந்தலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த பெருமாள்சாமி மறுபடி மெல்ல வெளியே போகப் பார்த்தார். வாசலை ஜெய்தூன் பீவி நாற்காலியோடு அடைத்துக்கொண்டு நின்றாள்.

சனாவுல்லா தலையைக் குனிந்தபடி பேசினார். "தோல்காரன்னா எவனும் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறான் சர்பு. லாட்ஜுக்காரன்னா வாங்கங்கிறான். ஒரே ஒரு ரூம்பாச்சும் ராசா வந்தாலும் தங்குற மாதிரி இருக்கணும்னு ஆசப்பட்டேன். வாங்கக் கையில இல்ல. வீட்ல இருக்கிறதுலயே நல்லது ஒன்னோட கட்டில்தேன்."

ராட்டினம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றாள் சர்புன்னிசா. "நீங்க கேக்கல. அதனால நான் குடுக்கல."

அந்த நேரத்தில்தான் முத்துச்சாமி வந்து சேர்ந்தார். உள்ளே இத்தனை பேரைப் பார்த்ததும், "சூட்டுக்கு நல்ல கிராக்கி போல இருக்கே!" என்றார். அபிப்பிராயப் புத்தகம் எங்கே என்று கேட்டார்.

"இருங்க, அஞ்சு நிமிசம்" என்று கண்ணம்மாள் கட்டிலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். சர்புன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து, "தலகாணியையும் எழுதுங்க, கல்லு மாதிரி இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தாள். சனாவுல்லா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

முத்துச்சாமி புத்தகத்தை வாங்கிச் சத்தமாகவே படித்தார்.

"இந்த லாட்ஜ் மாநாட்டுப் பந்தலுக்கு நூறடி தூரத்தில் இருக்கிறது. மாநாட்டுப் பேச்சைப் படுத்துக்கொண்டே கேட்கலாம். தூங்கவும் செய்யலாம். சுவரும் தரையும் சுத்தம். தண்ணீர் தாராளம். தரை நனைந்தால் தோல் வாசம் வருகிறது, சாம்பிராணி போட்டால் இரண்டும் சேர்ந்து வருகிறது. ஜன்னலுக்கு எதிரே ராட்டினம். திரை பாதிதான் இருப்பதால் அதில் ஏறுகிறவர்கள் நம்மோடு பேச்சுக் கொடுக்கிறார்கள். பேச்சுப் பழகுகிறவர்களுக்கு இது உதவும், சேலை மாற்றுகிறவர்களுக்கு உதவாது. காபி மரணக் கிணற்றைப் பார்த்துவிட்டு வருவதால் ஆறிவிடுகிறது. மெத்தை வைக்கோல், தலையணை கல். உட்காரும் அறையில் ஒருவர்தான் உட்காரலாம், இன்று முதல் அதுவும் முடியாது. கட்டில் மிக நன்று, ஆனால் லாட்ஜுடையது அல்ல. முதலாளி நல்ல மனசுக்காரர். பொய் சொன்னால் நாலு மாதத்துக்கு மேல் அவருக்குத் தாங்காது. பாலசமுத்திரம் கண்ணம்மாள்."

படித்து முடித்துவிட்டு முத்துச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நாலு வருசமா ஊரூரா மாநாட்டுக்கு எடம் பார்க்குறேன். எல்லா லாட்ஜுலயும் 'மிகவும் நன்று'ன்னுதேன் எழுதியிருக்கும். போய்ப் படுத்தா மூட்டப்பூச்சி. இங்கன மூட்டப்பூச்சி உண்டா தாயி?"

"இல்லீங்க. இருந்தா எழுதியிருப்பனே."

"அது போதும். மித்ததைச் சரி பண்ணிருவீகளா, பாய்?"

சனாவுல்லா வாய் திறப்பதற்குள் சர்புன்னிசா பதில் சொன்னாள். "பண்ணிருவோம். முழுத் திரை, பஞ்சு மெத்த, நாலு நாக்காலி. காப்பிய உள்ளேயே போடச் சொல்றேன். வாரம் ஒரு நா நான் வந்து பார்ப்பேன்." பிறகு புருஷனைப் பார்த்து, "கேட்டுட்டுத்தேன் சொல்றேன். வரட்டுமா?" என்றாள்.

"வா" என்றார் அவர்.

விருந்தாளிகள் கிளம்புகிற வரை கட்டில் அங்கேயே கிடக்கட்டும் என்று சர்புன்னிசா சொல்லிவிட்டாள். கீழே இருந்த பஞ்சு மெத்தையைச் சனாவுல்லாவே தோளில் சுமந்து கொண்டுவந்து போட்டார். அன்றைக்குப் பெருமாள்சாமி போட்ட குறட்டையைப் பற்றிக் கண்ணம்மாள் எங்கேயும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மாநாடு முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் கட்டில் தெருவில் இறங்கியது. நாலு ஆட்கள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டார்கள். ஆளுயரக் கண்ணாடியை ஒருவர் தூக்கி வந்தார். தங்கமுத்து கூஜாவும் வெற்றிலைப் பெட்டியும் பிடித்திருந்தார். ஜெய்தூன் பீவியின் நாற்காலி ஒரு ஆளின் தோளில். பின்னால் துப்பட்டி போர்த்திய இரண்டு பெண்கள், மெத்தையோடு சனாவுல்லா. பஸ்ஸுக்குப் போகிற வழி அதுதான் என்பதால் பையைத் தூக்கிக்கொண்டு பெருமாள்சாமியும் கண்ணம்மாளும் கூடவே நடந்தார்கள்.

டீக்கடையில் நின்ற ஒரு பிரதிநிதி, சீர் போகிறதென்று நினைத்து, "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார்.

"எனக்குத்தேன்" என்றார் சனாவுல்லா, மெத்தைக்கு அடியிலிருந்து.

சர்புன்னிசாவின் தோள் துப்பட்டிக்குள் குலுங்கியது. திரும்பிப் பார்க்காமல், "பேசாம நடங்க" என்றாள். பேகம்பூர்ப் பக்கம் திரும்புகிற இடத்தில் நின்று, கண்ணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிடாம பஸ் ஏறக் கூடாது. வீட்டுக்கு வாங்க."

"ரெண்டரை மணி பஸ்ஸை விட்டா அப்புறம் சாயங்காலந்தானுங்க..." என்று பெருமாள்சாமி ஆரம்பித்தார். யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்தால், கண்ணம்மாள் ஏற்கெனவே கட்டிலுக்குப் பின்னால் பத்தடி போயிருந்தாள்.