முன்வரிசையில் ஒரு கை

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலேயே சங்கக் கூட்டம். ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளருக்கு அதுதான் வழக்கம். தீர்மானம் என்றால் கையைத் தூக்குவது, எழுத்தெல்லாம் பிறகு.

"பிரதமர் டில்லிக்குப் போறார். போக முன்னம் எங்கடை கதையைக் கேக்க வேணுமாம். நான் கொழும்புக்குப் போறதோ, வேண்டாமோ?" என்றான் சங்கத் தலைவன் றெக்ஷன்.

"போகாமல்? போடா!" என்றாள் அவனுடைய அக்கா றோசம்மா. "அந்த றோலரை மட்டும் விடக்கூடாதெண்டு போய்ச் சொல்லு."

அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். பின்னால் எல்லாக் கைகளும் எழுந்தன. றெக்ஷன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

அக்கரையில் இந்தியாவிலிருந்து வந்து, அவள் மகன் டிலானின் படகை இடித்துக் கவிழ்த்து, வலைகளையும் அள்ளிக்கொண்டு போன இழுவைப் படகுதான் அந்த றோலர். கடற்படை பிடித்து, எதிர்ப்பக்கம் காரைநகரில் கட்டி வைத்திருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தது. டிலானுக்கு வலது தோள் இன்னும் சரிவரவில்லை. விடியவே கரைக்குப் போய், அந்தப் படகு கட்டினபடி நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் றோசம்மா அவனைக் கடலுக்கு விடுவாள்.

ஐந்தாறு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மனோகரி வேலிக்கு மேலால் கத்தினாள். "அக்கா, ஓடி வாங்கோ! ரீவியிலை உங்கடை கை!"

திரையில் இரண்டு கொடிகள், நீண்ட மேசை, நடுவில் பூக்கள். பிரதமர் சிரித்தபடி கைகொடுத்துக்கொண்டிருந்தார். நல்லெண்ண அடையாளமாகப் பிடிபட்ட படகுகள் விடுவிக்கப்படும். வடக்கு மீனவர்கள் ஏகமனதாகச் சம்மதித்திருக்கிறார்கள் என்றது செய்தி. அடுத்ததாகக் கோயில் முற்றம் வந்தது. முன்வரிசையில் றோசம்மா, கையை உயர்த்தி, வாயையும் திறந்தபடி.

"இதுக்கோ நான் தூக்கினனான்?"

"சேலை வடிவாத்தான் இருக்கக்கா" என்ற மனோகரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் றெக்ஷன் மஸ்கற் இனிப்புப் பெட்டியோடு வந்து, வழக்கம்போல நேரே குசினிக்குள் நுழைந்து அடுப்படியில் நிலத்தில் இருந்தான்.

"என்னடா சொன்னனீ அங்கை?"

"சொல்லத்தான் போனனான், அக்கா. எல்லாரும் கோட்டுப் போட்ட ஆக்கள். பிரதமர் வெறுங்கையோடை போக ஏலாது எண்டினம்."

"அதுக்கு என்ரை பிள்ளையின்ரை வழக்கைப் பொட்டலம் கட்டிக் குடுத்தனியோ?"

"எங்களுக்கு இறங்குதுறை கட்டித் தருவினமாம்..."

"படத்தை ஆர் குடுத்தது?"

அவன் பெட்டியின் நாடாவை அவிழ்த்தான். "சனம் ஒற்றுமையா நிக்குதெண்டதுக்கு அத்தாட்சி கேட்டவை."

"அது எதுக்குத் தூக்கின கையெண்டு சொன்னனியோ?"

"அவை கேக்கேல்லை."

வெளியே டிலானின் குரல் கேட்டது. "அம்மா, றோலரை அவிழ்த்துப்போட்டினம்! போகுது!"

றோசம்மா எழுந்து பார்க்கப் போகவில்லை.

"டிலான் இனி என்ரை படகிலை வரட்டும், அக்கா. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான் றெக்ஷன்.

அவள் முன்னறைக்குப் போய் நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"தலைவர் இஞ்சை வந்து இருங்கோ. குசினி உங்களுக்குச் சரிவராது."

"அக்கா, என்ன இது? என்னைப் போய்..."

பத்து வயதிலிருந்து அவள் கையால் தேத்தண்ணி குடித்தவன் அவன். றோசம்மா கோப்பையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தலைவருக்குச் சீனி எவ்வளவு போட வேணும்?"