சூரமங்கலத்திலிருந்து டோலிவாஸ் இருபது நிமிஷம்

சேலம் சூரமங்கலத்துச் சகாயராஜ் வாங்கிய வெள்ளை டீசல் கார், எந்தப் பக்கம் ஓட்டினாலும் இருபது நிமிஷத்தில் அரியானா மாநிலத்து டோலிவாஸ் கிராமத்தில் ஒரு பச்சை இரும்புக் கேட்டின் முன்னால் போய் நின்றது. ஐந்து ரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் அங்கேதான், மேச்சேரியில் மகள் ஜோஸ்லின் வீட்டுக்குக் கிளம்பினாலும் அங்கேதான். முதல் பாலம் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறும், பிறகு தென்னைமரங்கள் காணாமல் போகும், அப்புறம் இரண்டு பக்கமும் கடுகு வயல். கிலோமீட்டர் பதினொன்று ஏறியிருக்கும், டீசலும் அதற்குத் தகுந்த மாதிரிதான் குறைந்திருக்கும். திரும்பி வருவதில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கே சாவியைத் திருப்பினால் அதே இருபது நிமிஷத்தில் சொந்த வாசலுக்கு வந்துவிடும். மூன்றாவதாக ஓர் இடத்துக்கு மட்டும் அது போகாது.

சகாயராஜ் ஆசைக்காகக் கார் வாங்கிய ஆள் இல்லை. ஜங்ஷன் பக்கத்தில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைத்தவர், ஐம்பத்தேழு வயதுவரை சைக்கிளையும் டவுன் பஸ்ஸையும் தவிர எதையும் நம்பாதவர். மனைவி ஹெலனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதால்தான் வாங்கினார். திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போகும்போது தாங்கிக்கொள்வாள், திரும்பும்போது ஆட்டோ குலுக்கும் குலுக்கலில் பாதி வழியில் வாந்தி எடுத்துத் துவண்டு போவாள். டெல்லிப் பக்கம் பத்து வருஷம் ஓடிய டீசல் வண்டியை அதற்குமேல் ஓட்ட விடுவதில்லை, அதனால் நல்ல வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று ஜோஸ்லின் போனில் பார்த்துச் சொன்னாள். அப்படிப்பட்ட வண்டிகளை வடக்கே இருந்து ஓட்டிவந்து விற்பவன் திருச்செங்கோட்டு முபஷிர். "பேப்பர் ஒரு மாசத்துல வந்துருமுங்கண்ணா, அதுவரைக்கும் பழைய நம்பர்லயே ஓட்டுங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டான்.

தப்பு நடந்தது அவர்களுடைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலில். அந்தப் பங்கில் வண்டி மந்திரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. சாமியார் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கி, உரிமையாளர் பெயரையும் விலாசத்தையும் எல்லோரும் கேட்க வாசித்து, எந்த வழியாகப் போனாலும் இந்த வண்டி இந்த வீட்டு வாசலுக்குப் பத்திரமாக வந்து சேரட்டும் என்று ஜெபித்துத் தீர்த்தம் தெளிப்பார். பேர் மாறும்வரை பொறுங்கள் என்று, சாமியாருக்கு உதவிக்கு நிற்கும் கோயில்பிள்ளை சொல்லத்தான் சொன்னார். மறுநாள் ஹெலனை ஆட்டோவில் ஏற்ற சகாயராஜுக்கு மனம் வரவில்லை. மந்திரிக்காத வண்டியில் ஏற்றவும் மனம் வரவில்லை. பழைய புத்தகத்தை நீட்டிவிட்டார். சாமியாரும் திக்கித் திணறி, ஹோஷியார் சிங் மகன் பர்தீப், டோலிவாஸ் கிராமம், அரியானா என்று வாசித்து முடித்தார். நின்றவர்கள் எல்லோரும் ஆமென் என்றார்கள், சகாயராஜ்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஹெலனைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் ஏழு இருபதுக்கு டோலிவாஸில் இருந்தார். கடுங்குளிர். இன்ஜின் சத்தம் கேட்டு, தலைப்பாகையைச் சரிசெய்தபடி ஒரு பெரியவர் ஓடிவந்து கேட்டைத் திறந்தார். அவர்தான் ஹோஷியார் சிங். காரை விற்றுவிட்டுக் கனடாவில் லாரி ஓட்டப் போன மகன் திரும்பிவிட்டான் என்று நினைத்து ஓடிவந்தவர், உள்ளே எட்டிப் பார்த்து, ஹெலனின் வெளுத்த முகத்தைக் கண்டதும் வீட்டுக்குள் திரும்பி நடந்தார். பிறகு இரண்டு சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். ஹெலனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்குமேல் கூடாது என்பதை எந்தப் பாஷையில் சொல்வது? சகாயராஜ் இரண்டு சொம்பையும் தானே குடித்தார். அன்றைக்கு டயாலிசிஸ் தவறியது.

அடுத்து வந்த வாரங்களில் ஒரு மனிதனால் செய்யக்கூடியதையெல்லாம் சகாயராஜ் செய்தார். முபஷிர் வந்து ஓட்டிப் பார்த்து, டோலிவாஸில் மோர் குடித்துவிட்டு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பேர் மாற்ற அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து தடையில்லை என்று என்.ஓ.சி. வேண்டும், அதற்குக் கனடாக்காரன் கையெழுத்து வேண்டும், அவனோ போனை எடுப்பதில்லை. மந்திரித்த சாமியார் கெங்கவல்லிப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் நல்ல மனிதர், வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கைவிரித்தார். "ஒருக்கா குடுத்த ஆசீர்வாதத்தத் திருப்பி வாங்கறதுக்கு நம்மகிட்ட ஜெபம் இல்லீங்க சகாயராஜ்." ஹெலன் மறுபடி ஆட்டோவில் போனாள், மறுபடி வாந்தி எடுத்தாள். வாசலில் கார் நிற்க, அவளைத் தூக்கி ஆட்டோவில் வைக்கும்போதெல்லாம் சகாயராஜுக்குத் தன் கைகளையே வெட்டிப்போடலாம் போலிருந்தது.

ஆனால் ஹெலனுக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. மாசி வெயிலில் சேலம் காய ஆரம்பித்து, நாக்கு வறண்டு, ஒரு மடக்குத் தண்ணீருக்கு அவள் கண் அலையும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "ஏனுங்க, அங்க ஒருக்கா போயிட்டு வரலாமுங்களா? அந்தக் குளுருல தாகமே எடுக்க மாட்டேங்குதுங்க" என்பாள். போவார்கள். அவள் கயிற்றுக்கட்டிலில் கம்பளி போர்த்திக்கொண்டு கடுகு வயலைப் பார்த்தபடி இருப்பாள். பெரியவர் இந்தியில் மகனைப் பற்றிச் சொல்ல, அவள் தமிழில் மகளைப் பற்றிச் சொல்வாள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா என்று சகாயராஜ் கேட்டுக்கொள்ளவில்லை.

பங்குனி பிறந்த வாரம், ஒரு சனிக்கிழமை காலை அவளுக்கு மூச்சு முட்டியது. அன்றைக்கு ஆட்டோக்கள் வேலைநிறுத்தம். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. சகாயராஜ் அவளைக் காரில் கிடத்தி, இந்த ஒரு தரம் மட்டும், ஆண்டவரே, இந்த ஒரு தரம் மட்டும் என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஐந்து ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பாலம் தாண்டியது. பலகைகளில் எழுத்து மாறியது. அவர் ஸ்டியரிங்கை அறைந்தார். "உடுங்க, அங்கயே போலாம்" என்றாள் ஹெலன். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஹோஷியார் சிங் பக்கத்து வீட்டு டிராக்டரில் டிராலியைப் பூட்டுவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. தெருப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பேர்கூடத் தெரியாத அவளுக்காக மாரடித்து அழுதார்கள்.

அதற்குப் பிறகு கார் கிளம்பவில்லை. ஆறு பேர் தள்ளினார்கள், டிராக்டர் பேட்டரியிலிருந்து கரண்டு கொடுத்தார்கள், அசையவில்லை. அவளைக் கட்டிலில் இறக்கியதும் முதல் சாவியிலேயே கிளம்பியது, ஏற்றினால் அணைந்தது. மூன்று முறை ஏற்றி இறக்கியபின் சகாயராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு வண்டியில் சேலம் கொண்டுபோக மூன்று நாள் ஆகும். சேலத்துப் பெண் டிக்கெட் ஒன்றும் இல்லாமல் இங்கே எப்படி வந்தாள் என்று வழிநெடுகக் கேட்பார்கள். பெரியவர் அவர் தோளைத் தொட்டு, வயலின் ஓரத்தைக் கைகாட்டினார். சகாயராஜ் வெறும் காரில் சூரமங்கலம் போய், ஜோஸ்லினையும் புதுச் சாமியாரையும் ஒரு மரச் சிலுவையையும் ஏற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பினார். ஹெலனைக் கடுகு வயலில் அடக்கம் செய்தார்கள்.

வைகாசியில் முபஷிர் காகிதத்தைக் கையில் பிடித்தபடி ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். கனடாக்காரன் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். "என்.ஓ.சி. வந்துருச்சுங்கண்ணா! பேர மாத்திப்போட்டு, உங்க ஊட்டு அட்ரஸ வெச்சு மறுக்கா மந்திரிச்சுட்டா, வண்டி நீங்க சொன்ன எடத்துக்கெல்லாம் போகுமுங்க" என்றான். சகாயராஜ் அதை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார். பழக்கதோஷத்தில் மெஷின் மூடியைத் திறந்தார், பிறகு பிரதி எடுக்காமலே மூடினார். "வேண்டாம் சாமி. அவ அங்கதான இருக்கா" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசை முடிந்ததும் சகாயராஜ் இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு காரை எடுக்கிறார். எங்கே என்று யாராவது கேட்டால், ஹெலன்கிட்ட என்கிறார். ஒன்பது மணிக்குள் வந்து கடையைத் திறந்துவிடுவீர்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவர்கள் வழிவிடுகிறார்கள்.