எஃப் ஸ்கேலில் ஒரு குழி

பாடகர்களைப் பற்றி செலஸ்டின் மாஸ்டருக்கு எந்தக் காலத்திலும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஒரு மேடை நிறைய ஆட்கள் கன்னம் வீங்க ஊதி ஒரு பாட்டைத் தூக்கி நிறுத்துவார்கள். ஒருவன் வெறுங்கையோடு நடந்து வந்து அதன் மேல் ஏறி நின்று, கைதட்டலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போவான். டிரம்பெட் வாசிக்கிறவனுக்கு உதடு கிழியும். பாடகனுக்கு என்ன கிழியும்? தொண்டை கட்டினால் வெந்நீர் கேட்பான். அதையும் வேறொருவன்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இந்த வருடம் அவர் தலையில் வந்து விழுந்த பாடகனின் பெயர் நிபின். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் எட்டாவது சுற்றில் வெளியேற்றப்பட்டவன். வெளியேற்றப்பட்டதை மறைத்து, போட்டியில் கலந்துகொண்டதை மட்டும் போஸ்டரில் போட்டு, பொழியூரிலிருந்து பாறசாலை வரை ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். பந்தலுக்குள் இருட்டாக இருந்தாலும் கழற்ற மாட்டான். நாற்காலியில் இடித்துக்கொண்டு நடப்பான்.

அவனை அனுப்பி வைத்தவர் ராபின்சன். பொழியூரில் சொந்தமாக மீன்பிடி வள்ளங்கள் வைத்திருப்பவர், நிபினுக்குத் தாய்மாமன். அதைவிட முக்கியம், அவர்தான் இந்த வருடம் மாதா கோயில் திருநாளை ஏற்று நடத்துகிற பிரசுதேந்தி. செலவும் அவர் கையில், சொல்லும் அவர் கையில். திருநாளின் கடைசி மாலையில் கொடி இறங்கிய பிறகு மேடையில் செலஸ்டினின் பிக் பேண்டு வாசிப்பது வெகுகால வழக்கம். சாக்ஸபோன் ஒரு வரிசை, டிராம்போன் ஒரு வரிசை, அதன் பின்னால் எழுந்து நிற்கிற டிரம்பெட்டுகள் என்று தன் ஊரான காரோட்டிலிருந்து அவர் கொண்டு வந்து இறக்குகிற கூட்டத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ராபின்சன் அந்த வழக்கத்தில் கை வைத்தார். இந்த வருடம் பேண்டும் நிபினும் சேர்ந்து மேடை ஏறட்டும், ஜனத்துக்கு யாரைப் பிடிக்கிறது என்று பார்ப்போம், அடுத்த வருடம் இரண்டில் ஒன்று போதும் என்றார். நிபினுக்கு ஒரு கீபோர்டு இருந்தால் காரியம் முடிந்துவிடும் என்பதையும் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்.

மேடை போனால் மிச்சம் பவனிதான். சொரூபத்துக்குப் பின்னால் மணலில் நடந்துகொண்டே ஊதுவது. அதற்கு நல்ல வாத்தியக்காரன் ஒருவனும் நிற்க மாட்டான். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து பேண்டு செட்டுகள் ஏற்கெனவே அவருடைய டிரம்பெட்காரர்கள் மேல் கண் வைத்திருந்தன. ஆக, அந்த ஒரு மாலையில் பேண்டு ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் பேண்டே இல்லை.

செலஸ்டின் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நொட்டேஷன் கட்டுகளைப் பரப்பினார். வாலிபத்தில் சொகுசுக் கப்பல் ஒன்றின் ஆர்கெஸ்ட்ராவில் டிராம்போன் வாசித்தவர். அங்கே பார்த்த முறையில் நம் ஊர்ப் பாட்டுகளையும் கோயில் பாட்டுகளையும் அவரே எழுதி வைத்திருந்தார். பாடகனுக்கான பீஸ்கள் தனிக் கட்டு. எதிரே உட்கார்ந்திருந்தவள் டெல்னா. அவருடைய தங்கை மகள், பேண்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிப்பவள். அவர் முகம் பார்த்துப் பேசாமல், மனதைப் பார்த்துப் பேசுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

பாடகனுக்கு எழுதுகிற பீஸ் மூன்று வகை என்பது செலஸ்டினின் சித்தாந்தம். ஒன்று, பாடகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவது. அவன் பாட வேண்டிய ராகத்தையே ஒரு சாக்ஸபோனும் கூடவே வாசிக்கும். அவன் சறுக்கினால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது, கையைப் பிடித்து நடத்திப் போவது. அவன் ஒரு வரி பாடி மூச்சு வாங்குகிற இடத்தில் டிராம்போன்கள் புகுந்து சமாளிக்கும். மூன்றாவது, அவனை நடுத்தெருவில் இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவது. மொத்த பேண்டும் சட்டென்று நிற்கும். பாடகன் மட்டும் தனியாக, உச்ச சுரத்தில் நிற்க வேண்டும். குரல் உள்ளவனுக்கு அது சிம்மாசனம். இல்லாதவனுக்குக் குழி.

முதல் இரண்டு பாட்டுக்கு அவர் இடுப்பு வகையையே எடுத்தார். இரண்டும் சினிமா மெட்டு. நிபினுக்கு ஏற்ற சி ஸ்கேல். பார்த்துக்கொண்டிருந்த டெல்னாவுக்கே ஆச்சரியம். மூன்றாவதாக, நிகழ்ச்சியை முடிக்கிற பாட்டாக, அவர் கட்டின் அடியிலிருந்து ஒரு மாதா பாட்டை உருவினார். பொழியூர்க் கரையில் ஞானஸ்நானம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் மனப்பாடமான பாட்டு. கடைசி வரி படிப்படியாக ஏறி ‘தாயே’ என்ற சொல்லில் போய் நிற்கும். அந்த இடத்தில் இரண்டு பாருக்கு, எட்டுத் தட்டு எண்ணுகிற நேரத்துக்கு, பேண்டு மௌனம். பிறகு மொத்தமும் இடி மாதிரி வந்து விழுந்து, பாடகன் இல்லாமலே பீஸை முடித்து வைக்கும். பீஸ் எஃப் ஸ்கேலில் இருந்தது, நிபினின் சி-யை விட நல்ல உயரம்.

டெல்னா தாளை வாங்கிப் பார்த்தாள்.

“மாமா, எஃப்-ல அவன் அந்தத் ‘தாயே’க்கு எப்படிப் போவான்? ஆட்டை அறுக்குத மாதிரி இருக்கும்.”

“அதாக்கும் மக்கா எனக்கு வேண்டியது,” என்றார் செலஸ்டின்.

சி-க்கு மாற்றி எழுத ஒரு ராத்திரி போதும், நானே எழுதித் தருகிறேன் என்றாள் டெல்னா. அவர் கேட்கவில்லை. கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்பதால், விழுந்தால் எல்லாருக்கும் தெரியும். தெரியாத பாட்டில் தப்பு விட்டால் புதுமை என்பார்கள். மாதா பாட்டில் விட்டால் பாவம் என்பார்கள். அவன் விழுந்த இடத்திலிருந்து பேண்டு பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கரை சேர்க்கும். யார் வேண்டும், யார் வேண்டாம் என்று ராபின்சனுக்குக் காது இருந்தால் விளங்கும்.

“பாட்டு விழுந்தா அவன் மட்டும் விழமாட்டான். நாமளும் மேடையில உண்டு,” என்றாள் டெல்னா.

“நீ உனக்க சாக்ஸபோனைப் பாரு.”

ஒத்திகைக்கு நிபின் மூன்று தடவை வருவதாகச் சொல்லி ஒரு தடவை வந்தான். வந்தவன் பாடவும் இல்லை. தொண்டையைத் திருநாளுக்காகச் சேமிக்கிறானாம். மைக்குக்கு முன்னால் நின்று கீழ் ஸ்தாயியில் ம்ம்ம் என்று முனகினான். மிச்ச நேரம் செல்போனில் தன்னையே படம் பிடித்துக்கொண்டான். மாதா பாட்டின் ஸ்கேல் என்னவென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் செலஸ்டின் பொய் சொல்லியிருக்க மாட்டார். கேட்கத் தெரியாதவனுக்கு வலியப் போய்ச் சொல்ல அவர் என்ன அவனுக்குச் சம்பளக்காரரா? பேண்டு நிற்கிற இடத்தை மட்டும் காட்டினார்.

“இங்க நாங்க நிப்போம். நீ தனியா நிக்கணும், கேட்டியா?”

“அது எனக்க ஏரியா, மாஸ்டரே,” என்று கண்ணாடியைச் சரிசெய்தான் நிபின். “ஃபீல் குடுத்து ஒரு பிடி பிடிக்கேன், பாருங்க.”

பின்வரிசையில் டிரம்பெட்காரர்கள் குனிந்துகொண்டார்கள். செலஸ்டினுக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

திருநாளின் கடைசி மாலை. கொடி இறங்கியதும் ஜனம் மேடைப் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் பாதிரியாருக்குப் பக்கத்தில் ராபின்சன், புது வேட்டி விறைக்க உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பந்தல் நிறைந்து, மணலில் பாயும் படுதாவும் விரித்து, கடல் தடுப்புக் கற்கள் வரை ஆட்கள் இருந்தார்கள்.

பேண்டு தனியாக வாசித்த பீஸ்களுக்கு நல்ல கைதட்டல். நிபின் பாடிய சினிமாப் பாட்டு இரண்டுக்கும் கைதட்டலோடு விசிலும் சேர்ந்தது. அந்தப் பாட்டுகளில் அவனுக்குக் கீழே டெல்னாவின் சாக்ஸபோன் ஓடியது. அவன் சுரத்தை விட்ட இடங்களில் எல்லாம் அது பிடித்துக் கொடுத்தது. ஜனத்துக்கு அது தெரியுமா? நிபினுக்கே தெரியாது. தன் மார்பில் கைவைத்துக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தான். செலஸ்டின் அவனைப் பார்க்காமல் தாளைப் புரட்டினார்.

மாதா பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே நிபினின் புருவம் கண்ணாடிக்கு மேலே எழுந்தது. இது தனக்குப் பழக்கமான உயரம் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது வரியில் கழுத்து நரம்பு புடைத்தது. சரணத்தில் குரல் ஒரு இடத்தில் இரண்டாகப் பிளந்தது. முன்வரிசையில் ஒரு பெண் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ராபின்சன் நாற்காலியில் நெளிந்தார். செலஸ்டினுக்கு இவ்வளவு இன்பமான சரணம் வாழ்நாளில் வாய்த்ததில்லை. சிறிதும் அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக, அவனைக் குழி வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

கடைசி வரி ஏறியது. செலஸ்டின் கையை உயர்த்தி விரல்களை மூடினார். மொத்த பேண்டும் நின்றது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

நிபின் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பிறகு, தப்பிக்கிறவன் கையிலிருப்பதை வீசுகிற மாதிரி, மைக்கை ஜனத்தின் பக்கம் நீட்டினான்.

“தாயே” என்றது பொழியூர்.

பெண்கள் மேலே, ஆண்கள் கீழே, கிழவர்கள் எங்கேயோ நடுவிலே. எஃப் ஸ்கேல் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இரண்டு பாரில் நிற்கவும் இல்லை. முடிந்த இடத்தில் மறுபடி தொடங்கி, பிறகு மூன்றாவது தடவையும் பாடினார்கள். தூக்கிய கையோடு செலஸ்டின் நின்றார். டிரம்பெட்காரர்கள் வாத்தியத்தை உதட்டில் வைத்தபடி அவரையே பார்த்தார்கள். எங்கே நுழைவது? அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை இறக்கினார். கப்பல் அனுபவம் முழுவதையும் கொட்டி அவர் எழுதிய அந்த இடி முழக்கம் முழங்கத்தான் செய்தது. கைதட்டலிலும் கூச்சலிலும் அது மேடையின் முன்விளிம்பைத் தாண்டவில்லை. பலர் அழுதுகொண்டிருந்தார்கள். நிபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான், அவனும் அழுதானாம்.

மேடைக்குப் பின்னால் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துக்கொண்டே டெல்னா கேட்டாள்.

“மாமா நொவேனைக்குக் கோயிலுக்குள்ள வந்தது எப்பவாவது உண்டா?”

எந்த வருடமும் வந்ததில்லை. நொவேனை என்கிற அந்த நவநாள் ஜெபம் நடக்கிற நேரம் முழுவதும் பேண்டுகாரர்கள் வெளியே தேநீர்க்கடையில் இருப்பார்கள். முடிந்து பவனி புறப்படும்போது ஆள் வந்து கூப்பிடும்.

“வந்திருந்தா தெரியும். அங்க முன்னால நிக்கவன் ஒரு வரி சொல்லி நிறுத்தினா, அடுத்தது ஆளுகளுக்க முறை. சின்னதில இருந்தே அப்படித்தான். மாமா நேரா மாதா பாட்டில நிறுத்திக் குடுத்தா அவங்க சும்மா இருப்பாங்களா?”

அவனுக்குக் குழி வெட்டுகிறேன் என்று, ஒரு ஊரே வந்து நிற்கிற அளவுக்கு இடத்தைச் சீராக்கிக் கொடுத்திருந்தார். அந்த மடையனுக்கு அது தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. இனி தன்னுடைய கலை என்று சொல்லிக்கொண்டு திரிவான். அதுதான் செலஸ்டினுக்குத் தாங்கவில்லை.

அதற்குள் ராபின்சன் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். செலஸ்டினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பேண்டு வேண்டாம் என்று நினைத்தது தன் புத்திகெட்ட நேரம் என்றார். கீபோர்டை வைத்து இதைச் செய்ய முடியுமா, அத்தனை சத்தம் ஒரேயடியாக நின்றதால்தானே ஜனம் வாயைத் திறந்தது என்றார். இவ்வளவு காது அவருக்கு இருக்கும் என்று செலஸ்டின் நினைத்ததே இல்லை. அடுத்த வருடமும் மேடை பேண்டுக்குத்தான், திருநாள் கமிட்டிக்காரர்களிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு காரியம் உண்டு, மாஸ்டரே. நிபின் இல்லாம பேண்டு வேண்டாம். பாட்டு எல்லாத்திலயும் அந்தச் சும்மா விடுத எடம் வேணும்.”

செலஸ்டின் நிமிர்ந்தார். நாலு வார்த்தை தயாராக நாக்கின் நுனியில் இருந்தது. முழங்குவதற்கு மூச்சும் எடுத்துவிட்டார். எடுத்த மூச்சோடு ராபின்சனின் தோளுக்கு மேலே பார்வை போனது. டிரம்பெட்காரர்கள் வாத்தியத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எழுதலாம்,” என்றார்.

நிபின் வந்து அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மற்றக் கையால் போனை உயர்த்தினான். படம் எடுத்தாகிவிட்டது. என்ன ஸ்கேலில் எழுதட்டும் என்று செலஸ்டின் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“எந்த ஸ்கேல்னாலும் போடுங்க, மாஸ்டரே,” என்றான் நிபின், படத்தைப் பெரிதாக்கித் தன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே. “மேல உள்ளதை எல்லாம் அவங்க பாடிக்கிடுவாங்க.”